ஐப்பசி முதல் நின்ற டீசல் பிக்கப் தையில் ஸ்டார்ட் ஆகவில்லை: எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

கோரையாற்றங்கரை (நீடாமங்கலம் வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2018-இல் வாங்கிய டீசல் பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது, பி.எஸ். 4 (புகை வெளியீட்டுத் தரம்) வகை, காமன் ரயில் எஞ்சின் (உயர் அழுத்தப் பொதுக் குழாயிலிருந்து கணினி டீசலைப் பங்கிடும் வகை). இதுவரை அப்பாதான் ஓட்டிவந்தார். தீபாவளியை ஒட்டி அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதனால், குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் இறக்கிவிட்டு வந்த கையோடு களத்து ஓரத்தில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்தி நிறுத்திய வண்டி, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனியும் கழிகிற வரை அங்கேயே நின்றுவிட்டது. டேங்கில் பாதியளவு டீசல் இருந்தது. ஹேண்ட் பிரேக் இழுத்துவிடப்பட்டிருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றவில்லை. கார்த்திகையில் பெய்த பெருமழையின்போது களத்தில் தேங்கிய தண்ணீர் டயரின் பாதி உயரம் வரை ஏறி நின்று, வடிவதற்குச் சில நாள்கள் பிடித்தன.

இப்போது சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. என்னிடம் இலகுரக வாகன உரிமம் இருக்கிறது, வண்டியை ஓட்டியும் பழக்கம் உண்டு. ஆனால் அதன் உள்வேலைகளில் எனக்குப் பயிற்சி இல்லை. சாவியைத் திருப்பியபோது டேஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிந்து, 'டிக் டிக்' என்று ரிலேயின் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து வயல்காரர் தம்முடைய டிராக்டர் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்த பிறகு செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. சைலன்சரில் புகையே வரவில்லை. அத்துடன் நிறுத்திவிட்டோம்.

மார்கழிக் குளிரில் டீசல் உறைந்துவிட்டது என்றும், வெயில் ஏறிய பின் டிராக்டரில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்றும் ஊரில் சொல்கிறார்கள். அது சரிதானா என்பது என் முதல் கேள்வி. அறுவடைக் காலத்தில் மெக்கானிக் ஒருவரைக் களம் வரை அழைத்துவருவது எளிதன்று என்பதால், அவர் வருவதற்குள் நாங்களே பார்க்கக்கூடியவை எவை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. நெல்லைக் களத்தில் குவித்துவைத்துக்கொண்டு நாள் கடத்த முடியாது. பனி இறங்கி ஈரப்பதம் கொள்முதலின் வழக்கமான வரம்பான 17 விழுக்காட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மன்னார்குடி டீசல் பட்டறை

வணக்கம் சகோதரி. வண்டியைக் கட்டி இழுக்கவே வேண்டாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சிலிண்டருக்குள் டீசல் சென்று எரியாமல் இருந்தால் வெள்ளைப் புகையாவது வரும். புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை என்று பொருள். ஒன்று டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையில் தண்ணீரோ காற்றோ அடைப்போ இருக்க வேண்டும். அல்லது வண்டியின் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் எதையும் இழுவை சரிசெய்யாது. தண்ணீர் கலந்த டீசல் பம்ப்புக்குள் போயிருந்தால், இழுப்பது கெடுதலையும் செய்யும்.

தண்ணீர் டயரின் பாதி உயரத்தோடு நின்றது நல்ல செய்தி. பிக்கப் வண்டிகளில் காற்று உள்ளே போகும் வாய் அதைவிட வெகு உயரத்தில் இருக்கும் என்பதால் சிலிண்டருக்குள் வெள்ளம் புகுந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் சாவியைத் தொடுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் கவலை இல்லை. பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால், அல்லது அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த எண்ணெயை வடித்து மாற்றாமல் எஞ்சினைச் சுற்றக்கூடாது. கூலன்ட் அளவையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து எலி. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்ற வண்டி என்று படித்தவுடன் எனக்கு இதுதான் தோன்றியது. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வரப்பில் வளை தோண்டி வாழும் எலிகள் மேட்டைத் தேடி ஏறும். உலர்ந்த எஞ்சின் அறையும் அதன் மேல் ஒரு தார்ப்பாயும் அவற்றுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தந்துவிடுகின்றன. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், கூடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு ஒயரிங் கட்டுகளைக் கையால் தடவிக்கொண்டே வர வேண்டும். கிராங்க் சென்சாருக்குப் போகும் ஒயர் துண்டாகியிருந்தால், எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்பது கணினிக்குத் தெரியாது. அப்போது செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் அது டீசலை விடாது, புகையும் வராது. பல வண்டிகளில் செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் சற்றே எழும்பும். எழும்பவே இல்லை என்றால் அந்த ஒயரைச் சந்தேகிக்கலாம். சாவி போட்டதும் சாவிப் படமுள்ள இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு அணைகிறதா என்பதையும் கவனியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பானெட்டைத் திறப்பதற்கு முன் அதை நன்றாகத் தட்டி, சற்றுப் பொறுத்து, நீண்ட கம்பால் உள்ளே துழாவிவிட்டுத்தான் கையை விட வேண்டும். எலி இருக்கும் இடத்துக்குக் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் வரும். கூட்டை எடுக்கும்போது ரப்பர் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்; பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து நனைத்த பிறகே அள்ளுங்கள். எலிக் காய்ச்சல் எலியின் சிறுநீரின் வழியாகவே பரவுகிறது. கையில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் போதும்.

இனி டீசலுக்கு வருவோம், இதுதான் முக்கியமானது. பாதி டேங்க் டீசல் என்றால் மீதிப் பாதி காற்று. அதுவும் டெல்டாவின் மழைக்காலக் காற்று, ஈரம் நிறைந்தது. பகலில் டேங்க் சூடேறும்போது உள்காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் குளிரும்போது வெளியிலுள்ள ஈரக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, டேங்கின் சுவரில் வியர்த்து, துளியாக இறங்கி அடியில் தங்குகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது. எனவே டீசலை உறிஞ்சும் குழாயின் வாய்க்கு அது நேராகச் சேர்கிறது. இதனுடன் டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மழைநீரும் இறங்கியிருக்கும், அதையும் பாருங்கள். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்த மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்பு வழவழப்பாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். சைக்கிள் பொருத்தும் கடையில் டயர் டியூபை அறுத்து வாஷர் வெட்டித் தந்தாலும் மூடிக்கு வேண்டாம். டீசலில் அந்த ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். உரிய வாஷரையே வாங்குங்கள்.

டீசல் ஃபில்டரின் அடியில், அல்லது தண்ணீரைப் பிரிக்கத் தனியாக உள்ள செடிமென்டரின் அடியில், தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று இருக்கும். கீழே ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்து அதைத் திறந்து, கை பம்ப்பை அழுத்தி வடித்து, சற்று நேரம் அப்படியே வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகத் தெரியும். சுத்தமான டீசல் மட்டுமே வரும் வரை திரும்பத் திரும்ப வடியுங்கள். தண்ணீர் அதிகமாக வந்தால் டேங்கையே வடித்துக் கழுவுவதுதான் முறை. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். காமன் ரயில் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் வேறு மசகு கிடையாது. தம் வழியே ஓடும் டீசலையே அவை மசகாகக் கொள்கின்றன. அங்கே தண்ணீர் போனால் துருவும் தேய்மானமும் உடனே தொடங்கும். நான்கு இன்ஜெக்டர்களை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அரை டேங்க் டீசல் ஒன்றுமே இல்லை. ஃபில்டரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். புது ஃபில்டரில் வெளியிலிருந்து டீசல் ஊற்றி நிரப்ப வேண்டாம், தூசி போய்விடும். கை பம்ப்பை அது கெட்டியாகும் வரை அழுத்தினாலே காற்று வெளியேறி ஏர் லாக் (குழாயில் காற்று அடைத்துக்கொள்வது) தீர்ந்துவிடும்.

இதைப் படிக்கும் எல்லோருக்குமாக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழைய டீசல் எஞ்சின்களிலும் டிராக்டர்களிலும் ஏர் லாக் எடுக்க இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடிப்பது வழக்கம். அந்த எஞ்சின்களுக்கு அது சரியான முறையும்கூட. காமன் ரயில் எஞ்சினில் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். காமன் ரயில் குழாயில் 1,000 பாருக்கு மேல் போகும். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் ஏறிவிடும். வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் கையையே இழக்க நேரிடும். எவ்வளவு அனுபவமுள்ளவர் வந்து நட்டைத் தளர்த்தலாம் என்று சொன்னாலும் விடாதீர்கள்.

கடைசியாக, செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். டீசலைத் தண்ணீரற்றதாக ஆக்கிய பிறகுதான் அதுவும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் டேஷ்போர்டு விளக்கு எரிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ராணுவ வாகனப் பராமரிப்பாளர் (பாபநாசம்)

அம்மா, டீசலைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். குளிர் பற்றிய உங்கள் முதல் கேள்விக்கும் பேட்டரிக்கும் மட்டும் நான் விடை எழுதுகிறேன். லடாக்கில் குளிர்காலம் முழுவதும் வண்டிகளைப் பராமரித்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டையும் ஒப்பிடத் தெரியும்.

குளிர் ஒரு வண்டியை நிறுத்துவது உண்மைதான். அந்தக் குளிர் வேறு. சாதாரண டீசலில் உள்ள மெழுகு, பூச்சியத்துக்குக் கீழே போகும்போது மணிமணியாகத் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். அதனால்தான் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் டேங்கின் அடியில் சூடு காட்டுவதும், இரவெல்லாம் எஞ்சினை அணைக்காமல் ஓடவிடுவதும் அங்கே நடைமுறை. மைனஸ் 18 டிகிரியில் ஈய-அமில பேட்டரி தன் உந்துதிறனில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. அதே நேரத்தில் எண்ணெய் தடித்துவிடுவதால் எஞ்சினைச் சுற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக திறன் தேவைப்படுகிறது. இரண்டும் சேர்ந்துதான் அங்கே வண்டியைப் படுக்கவைக்கின்றன.

நம் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அந்த வெப்பத்தில் டீசல் உறையாது, எண்ணெய் தடிக்காது, பேட்டரி சோர்ந்துபோகாது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின், சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கின் உதவியைக்கூடப் பெரிதாக நாடாமல் கிளம்பிவிடும். இங்கே வண்டியைக் கெடுப்பது ஈரமும், ஓடாமல் நின்ற காலமும்தான். குளிர் என்று எண்ணிக்கொண்டு வெயிலுக்குக் காத்திருப்பது நோயை வேறிடத்தில் தேடுவதாகும்.

பேட்டரி ஏன் இறங்கியது என்பதற்குக் கணக்கே போதும். சாவியை எடுத்த பிறகும் கணினியின் நினைவகம், இம்மொபிலைசர், கடிகாரம் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 75 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மாதத்தில் முழுவதும் தீர்ந்துவிடும். பழுது எதுவும் இல்லாத வண்டியிலேயே இவ்வளவு. தீர்ந்த பேட்டரியை அப்படியே விட்டால் தகடுகளின் மேல் படிந்த ஈய சல்பேட் இறுகிக் கல்லாகிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

எனவே டிராக்டரிலிருந்து கேபிள் கொடுத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 7 ஆம்பியர் அளவில், நிதானமாக ஏற்றுங்கள். ஏற்றும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அருகில் பீடியோ அடுப்போ கூடாது. ஏற்றி முடித்து இரவு முழுவதும் ஓய்வில் வைத்த பின் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் நிற்கிறது. ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தி காட்டும் கருவி) கிடைத்தால் ஆறு அறைகளையும் அளந்துகொள்ளுங்கள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாகக் காட்டினால் அந்த அறை போய்விட்டது, பேட்டரியும் போய்விட்டது. செல்ஃப் சுற்றும் நேரத்தில் வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தாலும் அதே முடிவுதான். எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் டைனமோ ஒழுங்காக வேலை செய்கிறது.

டிராக்டர் பேட்டரி 12 வோல்ட் என்பதால் நீங்கள் செய்ததில் தவறில்லை. லாரியிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ கேபிள் எடுக்க வேண்டாம். அவற்றில் 24 வோல்ட், கணினி எரிந்துவிடும். கேபிளின் கடைசி நெகட்டிவ் முனையை இறங்கிய பேட்டரியின் மேல் பொருத்தாமல், தள்ளி எஞ்சினின் வெற்று இரும்பில் பொருத்துங்கள். பொறி பறந்தாலும் ஹைட்ரஜனுக்கு எட்டாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதனால் டைனமோவும் கணினியும் கெடும்.

கோரையாற்றங்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி, ஐயா. சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். எஞ்சின் எண்ணெய் கறுப்பாக, அளவுக்குள் இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வைக்கோலும் சாக்கு நூலும் சேர்த்து எலி கூடு கட்டியிருந்தது. ஃபில்டர் தாளையும் குதறிவிட்டது. பிளீச்சிங் நீர் தெளித்து எடுத்துவிட்டு, புது ஃபில்டர் போட்டோம். தண்ணீர் விளக்கு எரியவில்லை என்று எழுத இருந்தேன். செடிமென்டரைத் தேடிப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. அதன் அடியிலிருந்து போகும் சென்சார் ஒயரையே எலி கடித்துத் துண்டாக்கியிருக்கிறது. வடித்தபோது பாட்டிலின் அடியில் தண்ணீர் தெளிவாகத் தனித்து நின்றது. டேங்க் மூடியின் வாஷரும் வெடித்திருந்தது. டேங்கை வடித்து, ஃபில்டரை மாற்றி, கை பம்ப் கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு, சார்ஜ் ஏற்றிய பேட்டரியை வைத்துச் செல்ஃப் அடித்தபோது எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகை வந்து, பிறகு தெளிந்தது.

இப்போது வேறொன்று. ஹேண்ட் பிரேக்கை விடுவித்தும் வண்டி நகரவில்லை. முதல் கியரில் கிளட்சை விட்டால் வண்டியின் பின்பக்கம் அழுந்துகிறது, எஞ்சின் திணறுகிறது, ரிவர்ஸிலும் அப்படியே. கியர் தடையின்றி விழுகிறது. வலதுபக்கப் பின்சக்கரம் இலேசாக அசைவதுபோல் தெரிகிறது, இடதுபக்கம் சிறிதும் அசையவில்லை. பலமாக ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார்க்கலாமா?

வேதாரண்யம் உப்பு லோடு

வேண்டாம் சகோதரி. கியர் உறுத்தாமல் விழுகிறது என்றால் கிளட்ச் பிளேட் ஒட்டவில்லை. அந்த வகையில் பெரிய செலவு ஒன்று தப்பியது. ஒட்டியிருப்பது இடதுபக்கப் பிரேக் ஷூதான். ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில் பிரேக் டிரம் தண்ணீரில் நின்றதால், ஷூவின் லைனிங்கும் டிரம்மும் துருவினால் பிணைந்துவிட்டன. வேகமாக முறுக்கினால் லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து, டிரம்முக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அல்லது ஆக்சில் ஷாஃப்ட் அடிவாங்கும். உப்பளக் காற்றில் வண்டி ஓட்டுகிற எங்களுக்கு இது ஆண்டுதோறும் வருகிற வேலை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். சமதளமான கெட்டித் தரையில், பின்னால் ஜாக்கி ஏற்றி, ஆக்சிலின் அடியில் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். களத்து மண் மழையில் ஊறியிருந்தால் ஜாக்கியின் அடியில் அகலமான பலகை வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் யாரும் போகக் கூடாது. ஹேண்ட் பிரேக் முழுமையாக விடுபட்டிருக்கிறதா, அதன் கேபிள் உறைக்குள் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லீவர் இறங்கியும் கேபிள் இறங்காமல் இருப்பது உண்டு. பிறகு டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச்சுத்தியால் சீராகத் தட்டிவர வேண்டும். இரும்புச் சுத்தியால் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். பின்தட்டிலுள்ள சிறு துளையின் வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் ஷூ சுருங்கும். பல டிரம்களில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளைப் போட்டு மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். துருத்தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். டீசலையோ எண்ணெயையோ ஊற்றித் துருவை இளக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். லைனிங் எண்ணெய் குடித்துவிட்டால் பிறகு பிரேக் பிடிக்கவே பிடிக்காது.

டிரம்மைக் கழற்றியதும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்றே விலக்கிப் பாருங்கள். ஈரம் கசிந்திருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பின் 140 டிகிரி வரை இறங்கிவிடும் என்பது தரக்கணக்கு. நெல் மூட்டைகளோடு பாலத்து இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அந்த எண்ணெய் கொதித்தால் பெடல் தரை வரை போய்விடும். கடைசியாக மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் ஒருவர் பெடலைப் பலமாக அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் சேசிஸ் ஓரமாகப் போகும் பிரேக் குழாய் முழுவதையும் பார்க்க வேண்டும். துருப்பிடித்த குழாய் அந்த அழுத்தத்தில்தான் கசியும். அது சாலையில் வெடிப்பதைவிடக் களத்தில் வெடிப்பது நல்லது.

பேட்டரியின் நெகட்டிவிலிருந்து சேசிஸுக்கும், சேசிஸிலிருந்து எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டைகளையும் கழற்றித் தேய்த்துப் பொருத்துங்கள். கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பகுதியில் நன்றாக இருந்த பேட்டரிகளைப் பலர் மாற்றினார்கள். பழுது எர்த் பட்டையின் துருவில்தான் இருந்தது.

கும்பகோணம் வட்டாரம்

எஞ்சின் வேலைக்கு இடையில் தாள்களையும் பார்த்துவிடுங்கள். சரக்கு வாகனத்துக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும்; 2018 வண்டி அந்த எல்லையில் நிற்கிறது. புகைச் சான்றிதழ் பி.எஸ். 4 வண்டிக்கு ஓராண்டு செல்லும். நின்றிருந்த மாதங்களில் காப்பீடு முடிந்திருந்தால் புதுப்பிக்காமல் சாலையில் ஏற்ற வேண்டாம். உரிமம் பற்றி யாரும் உங்களைக் குழப்ப வேண்டியதில்லை: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்து, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்திருக்கிறது.

கோரையாற்றங்கரை

டிரம் வெளியே வந்துவிட்டது. போல்ட் போட்டு முடுக்கும் முறைதான் கைகொடுத்தது. இடதுபக்க வீல் சிலிண்டர் கசிந்திருந்ததால் அதையும் இருபக்க ஷூக்களையும் மாற்றி, பிரேக் எண்ணெயையும் முழுவதுமாக மாற்றியாயிற்று. களத்துக்குள் ஓட்டிப் பார்த்தோம், பிரேக் சமமாகப் பிடிக்கிறது. டயர்களில் வெடிப்பு இல்லை, காற்று நிரப்பிவிட்டோம். நாளை மூட்டை ஏற்றலாமா?

ஓய்வுபெற்ற ராணுவ வாகனப் பராமரிப்பாளர் (பாபநாசம்)

முதலில் வெறும் வண்டியாக நீடாமங்கலம் வரை போய்வாருங்கள் அம்மா. திரும்பியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் இன்னும் உரசுகிறது. இனி இப்படி நிறுத்த நேர்ந்தால் டேங்கை முழுதாக நிரப்பி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஹேண்ட் பிரேக் இழுக்காமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வைக்கோல் போரிலிருந்து தள்ளி மேட்டில் நிறுத்துங்கள். தொடர்ந்து நிற்கும் மாதங்களில் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதால் பயனில்லை. செல்ஃப் எடுத்த மின்சாரத்தைக்கூட அது திருப்பித் தராது. அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டினால்தான் பேட்டரியும் ஏறும், பிரேக்கும் துருவை உதிர்க்கும்.

மன்னார்குடி டீசல் பட்டறை

மூட்டை ஏற்றுவதற்கு முன் ஒன்று மீதமிருக்கிறது, அதை நான் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். தண்ணீர் டயரின் பாதி வரை ஏறி, சில நாள்கள் நின்றது என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். டயரின் பாதி என்றால் ஆக்சிலின் மையம். அதாவது கிரவுன் ஹவுசிங்கின் (பின் ஆக்சிலின் நடுவில் பற்சக்கரங்கள் உள்ள கூடு) கீழ்ப்பாதி அத்தனை நாளும் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. தேய்ந்த ஆயில் சீல் வழியாக உள்ளே நீர் போயிருக்கலாம். வெறும் வண்டியில் அது தெரியாது. ஒன்றரை டன் பாரத்தோடு நீர் கலந்த எண்ணெயில் ஓடினால்தான் கிரவுன் பற்கள் தேயும், பேரிங் ஊளையிடத் தொடங்கும்.

வண்டி இரவு முழுவதும் அசையாமல் நின்ற பிறகு, காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன் பாருங்கள். எண்ணெய் ஊற்றும் மேல் பிளக்கை முதலில் தளர்த்துங்கள். அது திறக்கிறது என்று உறுதியானால்தான் அடியிலுள்ள வடி பிளக்கைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் வடித்த பிறகு ஊற்ற வழி இருக்காது. அடிப் பிளக்கை மெதுவாகத் தளர்த்தி முதலில் கசியும் துளிகளை ஒரு வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். தெளிவான எண்ணெய் வந்தால் பிளக்கை மூடிவிட்டு அளவை மட்டும் சரிசெய்யுங்கள். தண்ணீரோ வெளுத்த எண்ணெயோ வந்தால் முழுவதும் வடித்து, கையேட்டில் சொன்ன தரத்தில் புது எண்ணெய் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடியும் ஒரு முறை வடித்து மாற்றுங்கள். கியர் பாக்ஸிலும் இதே சோதனை வேண்டும். முன்சக்கர ஹப் பேரிங்குகளில் கிரீஸ் வெளுத்திருந்தால் கழுவிப் புதிது அடையுங்கள். சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ்களுக்கும் (இணைப்பு மூட்டுகள்), பழைய கிரீஸும் நீரும் வெளியே பிதுங்கும் வரை கிரீஸ் அடிக்க வேண்டும். இவ்வளவும் அரை நாள் வேலைதான். காலையில் தொடங்கினால் பிற்பகலில் மூட்டை ஏற்றலாம். முதல் நடைக்கு மட்டும் பாதி பாரம் போதும்.